ஊட்டியா, கொடைக்கானலா... எப்போது போகலாம்? டெல்டாக்காரர்களுக்கு மே மாதம் ஏன் சரியான சீசன் இல்லை?

அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே தாராசுரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். “இந்த வருஷமாச்சும் ஊட்டிக்குப் போகலாம்ல?” பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். ஓட்டு வீட்டுக்குள் தறியில் உட்கார முடியாத அளவுக்குப் புழுக்கம். அரசலாற்றில் மணல்தான் தெரியும். சென்னையிலோ பெங்களூருவிலோ ஐடி வேலையில் இருக்கும் பிள்ளை நான்கு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருப்பார். வாடகைக்கு ஒரு வேன் பேசிவிட்டால் கிளம்பிவிடலாம்.

முன்பெல்லாம் அவ்வளவுதான். இப்போது அப்படி முடியாது. காரோ வேனோ எடுத்துக்கொண்டு ஊட்டி, கொடைக்கானல் போக வேண்டும் என்றால் இ-பாஸ் வேண்டும். சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. ‘எங்கே போகலாம்’ என்ற கேள்வியைவிட ‘எப்போது போகலாம்’ என்ற கேள்விதான் இன்றைக்குப் பர்ஸையும் பயணத்தையும் தீர்மானிக்கிறது.

என்ன கட்டுப்பாடு, ஏன் வந்தது?

சீசனில் தினமும் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாக 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. மலைப்பாதை தாங்காது, தண்ணீர் தாங்காது, குப்பையும் தாங்காது என்ற கவலையில் நீதிமன்றம் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் சொன்னது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது அமலுக்கு வந்தது. முதலில் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஃபோன் நம்பரையும் வண்டி நம்பரையும் கொடுத்தால் பாஸ் வந்துவிடும். எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கு எடுப்பதுதான் அப்போதைய நோக்கம்.

2025 மார்ச்சில் அடுத்த உத்தரவு வந்தது. ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும், அரசுப் பேருந்து போன்ற பொதுப் போக்குவரத்துக்கும், விளைபொருள் ஏற்றிவரும் வண்டிகளுக்கும் விலக்கு. ஒரு மலை எவ்வளவு வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டது. பிறகு, 2025 நவம்பரில் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்தது.

மலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் இதைக் கைதட்டி வரவேற்கவில்லை. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு மாசம் நடக்கும் வியாபாரத்தை வைத்து மற்ற பத்து மாசத்தை ஓட்டுகிற ஊர் அது. கூட்டத்தைக் குறைத்தால் வருமானமும் குறையும். ஆனால் அதே கூட்டம் பன்னிரண்டு மாசத்துக்கும் பரவி வந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அப்படிப் பரவாமல் எல்லோரும் ஏப்ரல், மே மாதங்களில் போய்க் குவிவதுதான் பிரச்சினையின் வேர்.

‘சீசன்’ யாருடைய சீசன்?

கோடையில் மலைக்குப் போகும் பழக்கம் வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாடு. சென்னை மாகாண அரசுக்கு ஊட்டிதான் கோடைத் தலைநகர். வெயில் தொடங்கினால் ஃபைல்களோடு அதிகாரிகள் மலையேறிவிடுவார்கள். கொடைக்கானலை 1845 வாக்கில் உருவாக்கிய அமெரிக்க மிஷனரிகளும் மதுரைச் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மேலே போனவர்களே. சமவெளியில் எப்போது இருக்க முடியாதோ, அதுதான் அவர்களுக்கு ‘சீசன்’. மலை எப்போது நன்றாக இருக்கும் என்று பார்த்து வைத்த பெயர் இல்லை அது. பிறகு பள்ளிக்கூட லீவும் மலர்க் கண்காட்சியும் அதே மாதங்களில் அமைந்துவிட, வழக்கம் கெட்டிப்பட்டுவிட்டது.

அந்தக் குளிர்ச்சிக்கும் இப்போது உத்தரவாதம் இல்லை. ஏப்ரல், மே பகலில் ஊட்டியில் 23 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதுதான் வழக்கம். 2024 ஏப்ரல் கடைசியில் அங்கே 29 டிகிரி பதிவானது. கும்பகோணத்து வெயிலோடு ஒப்பிட்டால் அதுவும் சொர்க்கம்தான். ஆனால் குன்னூர் தாண்டி மூன்று மணி நேரம் வண்டிக்குள் நகராமல் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சொர்க்கத்தில் ஃபேன்கூட இருக்காது.

ஒரே மாநிலம், இரண்டு மழை

நெட்டில் தேடினால் ‘பெஸ்ட் டைம்: அக்டோபர் முதல் ஜூன் வரை’ என்று ஒரே வரியில் பதில் வரும். வட இந்திய மலைகளுக்குப் பழகியவர்கள் எழுதும் கணக்கு அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அதற்குப் பிறகு வானம் வெளுத்துவிடும் என்பது சிம்லாவுக்குச் சரி. தமிழ்நாட்டு மலைகளுக்கு அது பொருந்தாது. இங்கே மழை இரண்டு தடவை, இரண்டு திசையிலிருந்து வருகிறது.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளப் பக்கமிருந்து ஏறுகிறது. நீலகிரியின் மேற்குச் சரிவுதான் அதை முதலில் வாங்கிக்கொள்ளும் இடம்: கூடலூர், தேவாலா, அவலாஞ்சி, அப்பர்பவானி. 2019 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பல ஊர்களுக்கு ஒரு வருஷத்துக்கு உரிய மழை, ஒரே நாளில். அதே மலையின் கிழக்குப் பக்கம் இருக்கும் கோத்தகிரிக்கு இந்த மாதங்களில் அவ்வளவு தீவிரம் கிடையாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரம் தொடங்கி டிசம்பர் வரை வங்கக் கடல் பக்கமிருந்து வருகிறது. இப்போது கணக்கு தலைகீழ். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் நேராக அடி வாங்கும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பகுதிகளில் நடந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் இந்த மாதங்களில்தான் தண்டவாளத்தில் மண் சரிந்து ரத்தாகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் ஏற்காடு மலைப்பாதை சரிந்து போக்குவரத்து பாதிக்கப்பட்டது.

டெல்டாக்காரர்களுக்கு இந்த இரண்டு மழையும் புதிது இல்லை. மேட்டூருக்குத் தண்ணீர் தருவது முதலாவது. சம்பா வயலில் நேரடியாகப் பெய்வது இரண்டாவது. 2024-ல் குறித்த தேதியான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை. ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். கர்நாடகத்திலும் வயநாட்டிலும் கொட்டிய மழையில் அதே வாரம் அணை நிரம்பியது. அதே வாரம், ஜூலை 30 அதிகாலையில், வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் நிலச்சரிவில் அழிந்தன. காவிரியில் தண்ணீர் புரண்டு வருகிறது என்று கீழே கொண்டாடும் நாள்கள், மேலே சுற்றுலா போகக் கூடாத நாள்கள். மேட்டூருக்கு வரும் நீர் விநாடிக்கு லட்சம் கன அடியை நெருங்குகிறது என்று செய்தி வந்தால், அந்த வாரம் நீலகிரி டிக்கெட்டை கேன்சல் செய்துவிடலாம். வானிலை ஆப் எதுவும் தேவையில்லை.

அப்போ, எப்போதான் போறது?

முதல் இடம் பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும்தான். மாசி மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மழையும் ஓய்ந்திருக்கும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் கீழே சமவெளி வரை தெரியும். ஊட்டியில் இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்பதால் கம்பளி கட்டாயம். அறை வாடகை மே மாத விலையில் இருக்காது. தொட்டபெட்டாவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.

நெல் விவசாயக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, கையில் காசு வரும் சமயம். வயலில் உளுந்தும் பயறும் தானாக வளர்ந்துகொண்டிருக்கும். மேட்டூர் அணையையும் ஜனவரி 28-ல் மூடியிருப்பார்கள், முறைத் தண்ணீருக்கு ஓட வேண்டியதில்லை. சிக்கல் இரண்டுதான். ஒன்று, கும்பகோணத்தில் மாசிமகம். அந்த வாரம் ஊரைவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது, வீட்டுக்கு விருந்தாளிகளும் வந்துவிடுவார்கள். இன்னொன்று, பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பேச்சையே எடுக்க முடியாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பிப்ரவரியில் அருவிகள் மெலிந்துவிடும். கொடைக்கானல் வெள்ளி அருவி பாறையில் கோடு போட்ட மாதிரிதான் ஒழுகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மே மாதக் கண்காட்சிக்கான நாற்றுகள் அப்போதுதான் வேர்பிடித்துக்கொண்டிருக்கும், பூவைப் பார்க்க முடியாது. பூதான் வேண்டும் என்றால் மே. மலை வேண்டும் என்றால் மாசி. இரண்டும் ஒரே டிக்கெட்டில் கிடைக்காது.

காடு காய்ந்து கிடக்கும் மாதங்களும் இவைதான். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காட்டுத்தீ காலத்தில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடுவது அதனால்தான். ஊரைச் சுற்றிப் பார்க்கத் தடையில்லை. டிரெக்கிங் ஆசை இருப்பவர்கள் வேறு மாதம் பார்க்க வேண்டும். ‘லோக்கல் கைடு கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார்’ என்று கிளம்பிவிடக் கூடாது.

இரண்டாவது இடம் செப்டம்பர் கடைசி வாரங்களுக்கு. ஊட்டிக்காரர்கள் இதை ‘இரண்டாவது சீசன்’ என்றே சொல்வார்கள். தென்மேற்கு மழை தளர்ந்திருக்கும், வடகிழக்கு இன்னும் தொடங்கியிருக்காது. நடுவில் கிடைக்கும் அந்த மூன்று நான்கு வாரத்தில் மலை முழுக்கப் பச்சையாக இருக்கும், அருவியிலும் தண்ணீர் இருக்கும். பூங்காவிலும் இந்த சீசனுக்கென்று தனியாகப் பூச்செடி வைப்பார்கள். காலாண்டுத் தேர்வு லீவும் ஆயுத பூஜை லீவும் பெரும்பாலும் இதை ஒட்டியே வருவதால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மே மாதத்தைவிட இது நல்லது. சாயங்காலம் ஒரு மழை வரும். அதை எதிர்பார்த்துக் காலை ஏழு மணிக்கே வெளியில் கிளம்பிவிட வேண்டும். ஆனால் சம்பா நடவுக்கு ஆள் தேடும் நேரமும் இதுதான், விவசாயி வீட்டில் ஒருவராவது ஊரில் தங்க வேண்டியிருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் கட்டாயம் போக வேண்டும் என்றால் நீலகிரியை விட்டுவிட்டு கொடைக்கானல் போகலாம். தென்மேற்கு மழையின் பெரும்பகுதியை ஆனைமலை வாங்கிக்கொள்வதால் கொடைக்கானலுக்கு மிச்சம்தான் வரும். காற்றும் மூடுபனியும் தூறலுமாக இருக்கும். தூண் பாறையைப் பார்க்கப் போய் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். பனிக்குள் நடப்பது பிடித்தவர்களுக்கு அதுவே போதும்.

அக்டோபர் கடைசி, நவம்பர் முழுக்க வேண்டாம். தாராசுரத்தில் இதைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மழை பெய்தால் தெருவில் பாவு போட முடியாது. நெசவாளிக்கு வேறு மாதங்களில் கிடைக்காத ஓய்வு அப்போதுதான் கிடைக்கும். “சும்மாதானே இருக்கோம், தீபாவளி முடிஞ்சதும் கொடைக்கானல் போயிட்டு வருவோம்” என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பாவை நிறுத்தும் அதே மழைதான் வத்தலக்குண்டு மலைப்பாதையில் மரத்தைச் சாய்க்கிறது. கொடைக்கானலில் அதிக மழை பெய்யும் மாதம் அக்டோபர். அந்த ஓய்வை மலையில் செலவழிக்க முடியாது என்பதுதான் நிலைமை. அதை மாசிக்குத் தள்ளிவைக்க முடிந்தவர்கள் தள்ளிவைக்கலாம், முகூர்த்த ஆர்டர் கையில் இருந்தால் அதுவும் முடியாது.

டிசம்பர் கடைசி வாரமும் பொங்கல் விடுமுறையும் குட்டி மே மாதங்கள். அதே கூட்டம், கூடவே குளிர். ஜனவரி அதிகாலையில் ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி படர்ந்து வெள்ளையாகக் கிடக்கும், அதைப் பார்க்கவே போகிறவர்களும் உண்டு. வயதானவர்களையும் ஆஸ்துமா இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு போக அது நேரம் இல்லை.

லீவே மே மாசம்தான்னா?

பெரும்பாலான வீடுகளின் உண்மை இதுதான். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சேர்ந்தாற்போல் லீவு வேறு மாதத்தில் கிடைக்காது. அப்படியானால் மாதத்தை மாற்ற முடியாவிட்டாலும் கிழமையையும் வண்டியையும் மாற்றலாம்.

சனி, ஞாயிறு வேண்டாம். வார இறுதிக்கு வரம்பு கூடுதலாக இருப்பதால் பாஸ் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். போட்டியும் அன்றைக்குத்தான் அதிகம். திங்கள் இரவு மலையடிவாரத்துக்குப் போய், செவ்வாய் காலை ஏறி, வியாழன் மாலை இறங்குவது போலத் திட்டமிடலாம். சீசனில் ஊட்டிக்கு ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குவது வழக்கம். ஓட்டுநரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

சொந்த வண்டியைவிட ரயிலும் பஸ்ஸும் மே மாதத்தில் புத்திசாலித்தனம். இ-பாஸ் தொல்லை கிடையாது. கும்பகோணத்திலிருந்து ஊட்டி சுமார் 400 கி.மீ., கொடைக்கானல் 300 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஊட்டிக்கு, மயிலாடுதுறை–கோவை ஜனசதாப்தியில் மதியத்துக்கு மேல் கும்பகோணத்தில் ஏறினால் இரவு கோவை. மறுநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து. மலை ரயிலில்தான் போக வேண்டும் என்றால் நினைத்த உடனே டிக்கெட் கிடைக்காது. ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது, மே மாத டிக்கெட்டுக்கு மார்ச்சிலேயே உட்கார வேண்டும். கொடைக்கானலுக்குத் திருச்சி, திண்டுக்கல் வழி. கடைசி மலைப்பாதைக்கு பஸ் மாறிக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ‘ஊட்டி’ என்ற பெயரை விட்டுவிடுவது. கோத்தகிரியில் தங்கினால் அதே நீலகிரிக் குளிர், கூட்டம் குறைவு. ஆனால் நீலகிரி மாவட்டத்துக்குள் வருவதால் இ-பாஸ் அதற்கும் பொருந்தும். இ-பாஸ் பட்டியலில் ஏற்காடு இல்லை என்றாலும் ஊட்டி உயரத்துக் குளிரை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், ஊட்டி 2,240. மே மதியத்தில் அந்த வித்தியாசம் உடம்பில் தெரியும்.

வாடகை வேன் பேசுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பாஸ், வண்டி நம்பரை வைத்துத்தான் வருகிறது. கிளம்பும் அன்று காலையில் ‘அந்த வண்டி ரிப்பேர், இதை அனுப்புறேன்’ என்று டிராவல்ஸ்காரர் வேறு வண்டியை நிறுத்தினால், கல்லாறு சோதனைச் சாவடியில் எடுத்த பாஸ் செல்லாது. எந்த வண்டி வரும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொண்டு, வரம்பு அந்த மாதத்துக்கு எவ்வளவு என்பதையும் இ-பாஸ் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு ரூம் போடலாம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவது நல்லது.